மும்முறை அழைத்தும்

குமாஸ்தா பாக்ஸ்டர் அனுப்பிய கிறுக்கல் தாள்களில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது.

தீர்சா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். மை இல்லை, மை எப்போதோ காய்ந்துவிட்டது. கோர்ட்டின் மே மாத அமர்வு முடிந்து, சிவப்பு நாடா கட்டி, தாள்கள் அவள் வீட்டுக்கு வந்தே ஒரு வாரம் ஆகிறது. அந்தக் கட்டுக்குள் இருந்த மற்றவையெல்லாம் காய்ந்த சோளத் தோகையாக மொடமொடத்தன. இந்தத் தாளில் மட்டும், அதுவும் அவள் கணவன் பெயர் எழுதியிருந்த இடத்தில் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நசநசத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ஏரிக்கரையில் அழுகிய நாணலை மிதித்தால் குப்பென்று ஒரு வாடை வருமே, அதே வாடை.

வாதி ஆன்சல் டர்ப்பின் என்று தொடங்கியது பாக்ஸ்டரின் நடுங்கிய எழுத்து. முதல் அழைப்பு, இல்லை. இரண்டாம் அழைப்பு, இல்லை. மூன்றாம் அழைப்பு, கதவருகே.

கதவருகே என்றால் என்ன அர்த்தம்? வந்தான், வரவில்லை, இரண்டில் ஒன்றைத்தானே எழுத வேண்டும். கிழவருக்குக் கண்ணும் போய்விட்டது, கவனமும் போய்விட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பேனாவை மையில் தோய்த்தாள்.

வெர்மான்ட்டில் ஏரியோரம் இருந்த அந்தச் சின்ன ஊரின் கோர்ட் வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை கூடும். வாய்தா வேண்டுமென்று ஒரு வக்கீல் மனுப் போடுவார், கூடாதென்று இன்னொருவர் எழுந்து நிற்பார், இருவரும் தொண்டை கட்டும்வரை வாதாடுவார்கள். பாக்ஸ்டர் அதையெல்லாம் கைக்குக் கிடைத்த தாளில் கிறுக்குவார். அவர் கை நடுங்கும் என்பதால், பெரிய பதிவேட்டில் திருத்தமாகப் பெயர்த்தெழுதும் வேலையைத் தீர்சாவிடம் கொடுத்திருந்தார். வக்கீலான அவள் அண்ணன் ஜாபெஸின் சிபாரிசு. அரை நாள் கத்திய கத்தலெல்லாம் அவள் கையில் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். மனுவை எடுப்பதற்கு முன்னால் கட்சிக்காரரின் பெயரைச் சேவகர் பெலெக் வாசற்கதவில் நின்று மூன்று தடவை கூவுவார். ஆள் வராவிட்டால் அவள் எழுத வேண்டியது ஒரே வாசகம்தான்: மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை.

கணவன் பெயருக்கும் அதையே எழுதினாள். வேறென்ன எழுதுவது? ஆன்சல் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் ஜாபெஸும். பனிக்காலம் முடிகிற நேரம், ஏரியின் உறைந்த மேல்தளம் சாம்பல் நிறமாகி இளகிக்கொண்டிருந்தது. ஏரியின் மறுமுனையில் வெட்டிப் போட்ட மரத்தைக் கடைசி நடையாக இழுத்து வந்துவிடுகிறேன் என்று ஆன்சல் சறுக்குவண்டியோடு ஏரிமேல் போனான். அவள் சூடான சோள ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்தாள், பக்கத்தில் ஜாபெஸ். பனி உடைந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. வண்டியோடு ஆள் போனான், கறுப்புத் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி மூடிக்கொண்டது. அவள் அலறியபோது ஜாபெஸ் கையுறை போட்ட கையால் அவள் வாயைப் பொத்தினான்.

"கத்தாத தீர்சா. இவன் செத்தது வெளிய தெரிஞ்சா கேஸும் கூடவே செத்துரும். நிலம் ஹூட் கைக்குப் போயிரும். நீ நடுத்தெருவுல நிக்கறத என்னால பாக்க முடியாதும்மா."

அந்த நிலத்துக்கு இரண்டு பட்டா. ஆன்சலிடம் இருந்தது ஒன்று. பக்கத்து நிலத்துக்காரன் ஹூட் எங்கிருந்தோ தோண்டி எடுத்துவந்த, இந்த மண் தன்னுடையது என்று நியூயார்க் அரசு உரிமை கொண்டாடிய காலத்தில் கொடுத்த பழைய பட்டா இன்னொன்று. ஆன்சல்தான் வழக்குப் போட்டிருந்தான். வீடு, மேப்பிள் தோப்பு, மாட்டுக்கொட்டில் எல்லாம் அந்த வழக்கில் தொங்கின. அண்ணன் வக்கீல், தனக்குச் சட்டத்தில் என்ன தெரியும் என்று தீர்சா வாயை மூடிக்கொண்டாள். கறுப்பு உடுத்தவில்லை. ஜெபம் சொல்லவில்லை, கல் நடவில்லை. மார்புச்சளி முற்றி வடக்கே சித்தப்பா மகன் வீட்டில் படுத்திருக்கிறார் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஒவ்வோர் அமர்விலும் ஜாபெஸ் வாய்தா மனுப் போட்டான். வாதி உடல்நலமின்றி இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதியது அவள் கை.

ஈரத்தாளைப் பெயர்த்தெழுதிய அன்று சாயங்காலம் மழை இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு, வாசல் படியில் யாரோ பூட்ஸைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. மண் வழிப்பதற்காகப் படியோரம் ஒரு இரும்புத் தகடு பதித்திருந்தது. இடது காலை நீளமாக ஓர் இழுப்பு, வலது காலைக் குட்டையாக இரண்டு இழுப்பு. இந்த உலகத்தில் ஓர் ஆள்தான் அப்படிச் சுரண்டுவான். அவள் கையைத் துடைக்காமலே நின்றாள். கதவு தட்டுவார்களென்று காத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. உள்ளே வர உத்தரவு கிடைக்காத ஆள் வெளியே நின்று மூச்சுவிடுவது மட்டும், ரொம்ப மெதுவாக, களகளவென்ற இரைச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது படி முழுக்க நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் சேவகர் பெலெக் அவளை மடக்கினார். நல்ல மனிதர், ஆனால் நாக்கு சும்மா இருக்காது.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு தேவலையாயிட்டுதா? போன அமர்வுல மூணாவது தடவ கூப்பிட்டேன் பாரு, குதிரைத் தொட்டி பக்கத்துல வந்து நின்னாரு. ஆன்சல், உள்ள வாய்யான்னேன். வரமாட்டேங்கறாரு. தொப்பியெல்லாம் தண்ணி சொட்டுது. சளி பிடிச்ச மனுசன் இப்படி நனையலாமா, நீ சொல்லு."

அவள் நேராக ஜாபெஸ் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பன்றி இறைச்சியை மென்றுகொண்டே சிரித்தான். பெலெக் காலையிலேயே குடிக்கிற ஆள், பாக்ஸ்டர் பாதி குருடு, நீ தனியாக இருந்து இருந்து மனதைக் கெடுத்துக்கொள்கிறாய் என்றான். மேப்பிள் தோப்பில் கொஞ்ச நாளாக யாரோ ஆட்கள் மரம் வெட்டுகிறார்களே என்று அவள் கேட்டபோது மட்டும் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை உயிரோடு இருந்தபோது எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் தன்னிடம் இருப்பதாகவும், அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கட்டிக் காக்கிறேன் என்றும் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கோடைக்காலம் போயிற்று. சுரண்டல் சத்தம் நிற்கவில்லை. ஆப்பிள் பழுக்கும் காலத்தில், படுக்கையில் ஆன்சல் படுக்கும் பக்கத்துத் தலையணை காலையில் ஈரமாக இருக்க ஆரம்பித்தது. வாசலோடு நின்றது எப்போது வீட்டுக்குள் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அடுப்படியில் நாற்காலி போட்டுத் தூங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் பாக்ஸ்டர் அவளைக் கோர்ட்டின் பின்னறைக்குக் கூப்பிட்டார். பழைய மனுக்கட்டுகளில் எலி புகுந்துவிட்டதாம், பிரித்து அடுக்க வேண்டுமாம். மூன்றாக மடித்து நாடா கட்டிய காகிதங்கள் கூரைவரை. அவர் தாத்தா காலத்து வாதமெல்லாம் அங்கே மடிந்து கிடந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிக்கொண்டிருந்தவள் ஒரு தாளில் கை நிறுத்தினாள். வாதி இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பதிலாக விதவையே வழக்கை நடத்த அனுமதி கோரும் மனு. அனுமதிக்கப்பட்டது. அவ்வளவுதான். மூன்று வரி.

இப்படி நடக்குமா என்று பாக்ஸ்டரிடம் கேட்டாள், ஏதோ ஊர்ப்பேச்சு மாதிரி.

"நடக்குமாவா? அடிக்கடி நடக்கறதுதானேம்மா. புருசன் செத்தா பொண்டாட்டி ஒரு மனு போடுவா, கேஸு அது பாட்டுக்குப் போகும். என்ன, செத்தவன் எழுதிக் குடுத்த பவரு கிவரு எல்லாம் அன்னைக்கே வெத்துக் காகிதம். இதுகூடத் தெரியாத வக்கீல் இந்த வெர்மான்ட்லயே இல்ல."

தீர்சா அந்தத் தாளைத் திரும்ப மூன்றாக மடித்தாள். மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவன். காய்ச்சலில் கிடந்தபோது பனியில் நடந்து போய் மருந்து வாங்கி வந்தவன். அவள் வாயைப் பொத்திய அந்த நொடியிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பவர் பத்திரம் காகிதமாகிவிடக் கூடாது, மரம் வெட்டி விற்பது நிற்கக் கூடாது, அதற்காக ஆன்சல் சாகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. அவள் புருஷனுக்கு அழக்கூட விடாமல் செய்து, அந்தப் பொய்யை அவள் கையாலேயே எழுதவும் வைத்திருக்கிறான். அண்ணனை அவள் அப்படி நம்பியிருந்தாள்.

அதைவிட மோசமான ஒன்றும் அங்கே, எலிப்புழுக்கை நாற்றத்தில் நின்றபடியே, அவளுக்குப் புரிந்தது. செத்தவனைச் செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்று எழுதியிருக்கிறது. இருக்கிறான் என்று நம்பி, ஏரியைப் பார்த்த கதவில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். ஆன்சல் கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் இருக்கிற ஆள் இல்லை. அடுத்த அமர்வில், பெலெக் வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். பொய்ப்பதிவுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் கொடுக்கட்டும். ஜாபெஸிடம் மூச்சுவிடவில்லை.

நவம்பர் அமர்வு. அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாடையும் கோர்ட் அறையை நிறைத்திருந்தன. ஹூட்டின் வக்கீல் புது மனு ஒன்று போட்டிருந்தார்: வாதி நேரில் வர வேண்டும், வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். சித்தப்பா மகன் வீட்டுச் சளியை எத்தனை காலம்தான் கேட்பது என்று அவர் சொன்னபோது ஹூட்டின் ஆட்கள் சிரித்தார்கள். ஜாபெஸ் எழுந்து பாதை கெட்டுக் கிடக்கிறது, நோயாளி வர முடியாது என்று உருகி உருகி வாதாடினான். நீதிபதி கையசைத்தார். பெலெக் எழுந்து கதவைப் பார்த்து நடந்தார்.

தீர்சா எழுந்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி ஜாபெஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பிடித்தது மேசைக்குக் கீழே. யார் கண்ணுக்கும் தெரியாமல்.

"ஆன்சல் டர்ப்பின்!"

கதவு திறந்திருந்தது. குளிர் உள்ளே வந்தது. கூடவே அந்த நாணல் வாடை.

அவள் கையை உதறப் பார்த்தாள். எலும்பு நெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பெலெக் மறுபடி கூவினார்.

"ஆன்சல் டர்ப்பின்!"

வெளியே குதிரைகள் ஒன்றாகக் கனைத்தன. அப்புறம் படியில். நீளமாக ஓர் இழுப்பு.

ஜாபெஸின் பிடி தளர்ந்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

குட்டையாக ஒன்று. குட்டையாக இன்னொன்று.

"அவரு செத்துட்டாரு," என்றாள் தீர்சா. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி. "என் வீட்டுக்காரர் செத்துட்டாருங்க. ஏரியில. நான் பாத்தேன். கூப்பிடாதீங்க."

பெலெக்கின் வாய் பழக்கத்தில் மூன்றாவது முறையும் கூவிவிட்டது. கூவிவிட்டு அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

தொப்பி. தோளில் ஒட்டிப்போன கோட்டு. நடந்த இடமெல்லாம் தண்ணீர். ஊதி வெளுத்த முகம், அதில் கண் இருந்த இடத்தில் ஏதோ மினுங்கியது. ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று ஊர் எடுத்துக்கொண்டது. பாவம், இந்தக் கோலத்தில் வந்திருக்கிறாரே என்று யாரோ முனகினார்கள். அது வாதிகள் நிற்கும் இடத்தில் போய் நின்றது. நிற்கத் தெரிந்திருந்தது.

நீதிபதி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கங்களைப் புரட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கொடுமை.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்கய்யா. ஆனா..."

"போன நவம்பர்ல உடம்பு சரியில்லாம உயிரோட இருந்தார்னு எழுதியிருக்க. மே மாசத்துலயும் எழுதியிருக்க. கோர்ட்டோட பதிவுக்கு எதிரா வாய்ப்பேச்சு செல்லாதும்மா, அது உன் பேச்சா இருந்தாலும். இதோ ஆளும் நிக்கிறார். வக்கீல், நீங்க சொல்லுங்க. இவர் யாரு?"

தீர்சா அண்ணனைப் பார்த்தாள். ஜாபெஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது, நெற்றியில் வியர்வை. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். அந்த அறையில் அவளைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் ஒரு சொல் சொன்னால் போதும்.

"அண்ணே," என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "உனக்குத் தெரியும். நீயும் அங்க இருந்தியே."

ஜாபெஸ் பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, மனு வாதாடும் அதே குரலில் பேசினான்.

"இவர்தாங்கய்யா. என் தங்கச்சி வீட்டுக்காரர் ஆன்சல். தங்கச்சிக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. ஒரு சின்ன விண்ணப்பம். வாதி பாருங்க, ரொம்பத் தளந்து போயிருக்கார். விசாரணைய அடுத்த அமர்வுக்கு வச்சிட்டு, பொண்டாட்டியோட வீட்டுக்குப் போக அனுமதி குடுங்க."

அனுமதிக்கப்பட்டது. பாக்ஸ்டர் நடுங்கும் பேனாவால் அதைக் கிறுக்கி, உரக்க வாசித்தார்: வாதி ஆஜர். தன் மனைவியுடன் தன் இருப்பிடம் திரும்ப உத்தரவு.

இரண்டு ஆட்கள் அவளைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள், பைத்தியத்தைப் பிடிக்கிற மென்மையோடு. ஊரே படியில் நின்று இரக்கப்பட்டது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னாள், இது அவர் இல்லை, தொட்டுப் பாருங்கள், தயவுசெய்து தொட்டுப் பாருங்கள் என்று. யாரும் தொடவில்லை. ஜாபெஸ் அவள் மடியில் போர்வையைப் போர்த்தினான். பக்கத்தில் இருந்ததன்மேல் விரல் படாமல் போர்த்தினான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

கடிவாளத்தை அது எடுத்துக்கொண்டது. குதிரை உடம்பெல்லாம் நடுங்க, இழுத்த பக்கம் நடந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, ஏரி ஈய நிறத்தில் கிடந்தது. அவள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். பலகையின்மேல் தண்ணீர் ஓடி அவள் பூட்ஸுக்குள் இறங்கியது. வீடு போய்ச் சேர்ந்தால் ஓடிவிடலாம். கொட்டில் வழியாக. தோப்பு வழியாக.

பாதை பிரியுமிடம் வந்தது. இடது பக்கம் மேடேறினால் வீடு. வலது பக்கம் மரம் இறக்கும் துறை.

வண்டி வலது பக்கம் திரும்பியது.

பாக்ஸ்டர் வாசித்த வரி அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் இருப்பிடம்.

குதிக்கப் பார்த்தாள். அது அவள் கைமேல் கை வைத்தது. இறுக்கவில்லை. வைத்தது, அவ்வளவுதான். இழுத்தும் அவள் கை வெளியே வரவில்லை.

"அண்ணே!"

துறையிலிருந்து கோர்ட் படி நன்றாகத் தெரிந்தது. ஜாபெஸ் மரம் வாங்குகிறவனோடு பேசிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் திரும்பினான். சரிவில் இறங்கும் வண்டியைப் பார்த்தான். குதிரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மரக்காரனின் தோளில் கை போட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

கதவு சாத்திக்கொண்டது.

சக்கரம் தண்ணீரில் இறங்கியது. குதிரையின் முழங்கால். வயிறு. பலகைக்கு மேலே, கறுப்பாக, சத்தமில்லாமல் ஏறியது குளிர்.

அது அவள் பக்கம் குனிந்தது. ரொம்ப அக்கறையாக, அவள் நனைந்துவிடக் கூடாதே என்று, போர்வையின் ஓரத்தை எடுத்து மடித்து அவள் மடியில் வைத்தது.